தெரியும் என்பது வேறு, முடியும் என்பது வேறு
(கிளைத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டங்களுக்கு அபிவிருத்தித் திட்டங்கள் வருகின்றன. சட்ட உரிமை பற்றி வகுப்பு வைக்கிறார்கள். கையெழுத்து வாங்குகிறார்கள், தேநீர் கொடுக்கிறார்கள். "இத்தனை பேர் விழிப்புணர்வு பெற்றனர்" என்று அறிக்கை எழுதிவிட்டுப் போகிறார்கள். வந்தவர்களை எண்ணிவிட்டார்கள். வந்தவர்களுக்குத் துணிவு வந்ததா என்பதை யார் அளந்தார்கள்?

உலகில் 400 கோடிப் பேர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே வாழ்கிறார்கள் என்று, ஏழைகளின் சட்ட வலுவூட்டலுக்கான ஆணைக்குழு 2008இல் சொன்னது. புத்தகத்தில் சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நாமே சாட்சி.

பணிக்கொடையை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்து விலகும் நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம், 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். "இது தெரியுமா?" என்று கேட்டால் பலரும் "தெரியும்" என்பார்கள். ஆகவே நாம் வேறு மாதிரிக் கேட்போம்.

ஓய்வு பெற்று மூன்று மாதமாகியும் உங்கள் பணம் வரவில்லை. ஒன்று: தோட்டக் காரியாலயத்துக்குப் போய் நீங்களே கேட்பீர்களா? இரண்டு: மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்க உங்களால் முடியுமா? மூன்று: அங்கே நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறீர்களா? கொஞ்சமும் இல்லை என்றால் 1, முழு நம்பிக்கை என்றால் 5.

முதல் கேள்விக்குப் புள்ளி குறைந்தால், அங்கே பயம் இருக்கிறது. கூடப்போக ஆள் வேண்டும். இரண்டாவதில் குறைந்தால், எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். மூன்றாவதில் குறைந்தால், குறை தொழிலாளியிடம் இல்லை. மொழி, தூரம், போகும் நாளில் இழக்கும் பேர் எல்லாம் அதில் இருக்கின்றன. அதற்கு இன்னொரு வகுப்பு மருந்தாகாது. அந்தக் காரியாலயத்தோடுதான் சங்கம் பேச வேண்டும்.

கேட்பதிலும் முறை உண்டு. கங்காணி முன்னால் கேட்டால் எல்லாருக்கும் 5தான் வரும். தலைவர் முன்னால் கேட்டாலும் அப்படித்தான், நாமும் அதற்கு விலக்கல்ல. தனியாகக் கேட்க வேண்டும், பெயர் எழுதக்கூடாது. பெண்களின் புள்ளியை வேறாகக் கூட்ட வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், காரியாலயப் படியேறிப் பேசுவதோ பெரும்பாலும் ஆண்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் உண்மை மறைந்துவிடும்.

இன்னொன்று. நம்பிக்கைப் புள்ளி கூடியது என்று மட்டும் மகிழ வேண்டாம். பக்கத்திலேயே எழுதுவோம்: எத்தனை முறைப்பாடு கொடுத்தோம், எத்தனை பேர் கையில் பணம் வந்தது, எத்தனை நாள் எடுத்தது. துணிந்து போன அம்மா வெறுங்கையோடு திரும்பினால், அடுத்த லயத்து அம்மா போகமாட்டார்.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு முன் இந்த மூன்று கேள்விகளையும் லயம் லயமாகக் கேட்போம். ஒரு வருடம் கழித்து மீண்டும் கேட்போம். நம் வேலைக்கும் புள்ளி போடுவது அதுவே.