சேற்றுப்புண் திரும்பி வராமலிருக்க



சேறே இல்லாத சிங்கப்பூரில் சேற்றுப்புண்ணா என்று சிலர் சிரிக்கலாம். பெயர் வயலிலிருந்து வந்தது. ஆனால் அதை உண்டாக்கும் பூஞ்சைக்குச் சேறு தேவையில்லை. ஈரமும் வெப்பமும் போதும். காலை 7 மணிக்குப் போட்ட பாதுகாப்புக் காலணியை மாலை 7 மணிக்குக் கழற்றினால், இரண்டும் அதற்குத் தாராளமாகக் கிடைத்துவிடும்.

"களிம்பு பூசினேன், சரியாகிவிட்டது, மறுபடியும் வந்துவிட்டது" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகியிருக்காது. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தியிருப்போம்; பூஞ்சை தோலிலேயே இருந்திருக்கும். கிளோட்ரிமஸோல் களிம்பு என்றால், தோல் பழையபடி ஆன பிறகும் 2 வாரம் பூசுங்கள். வேறு களிம்புகளுக்கு மருந்தாளர் சொல்லும் காலம் வரை பூசுங்கள்.

புண் ஆறிய பிறகுதான் பவுடரின் வேலை முக்கியமாகிறது. முகத்துக்குப் போடும் சாதாரணப் பவுடர் ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். பூஞ்சை எதிர்ப்புப் பவுடரைக் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் மைக்கோனஸோல், டோல்னாஃப்டேட் போன்ற மருந்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலைக் கழுவியதும் விரலிடுக்குகளைத் துடையுங்கள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே துண்டு போவதே இல்லை; புண் அங்கேதான் அதிகம் தொடங்குகிறது. தொழுகைக்கு ஒளுச் செய்பவர்களும் கோயில் வாசலில் கால் கழுவுபவர்களும் ஈரக்காலோடு காலுறை போட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். அள்ளிக் கொட்டினால் கட்டிகட்டியாகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலணிக்குள்ளும் தூவுங்கள். காலைச் சுத்தமாக்கிவிட்டுப் பூஞ்சை உள்ள காலணிக்குள்ளேயே மறுபடி விட்டால் என்ன பயன்?

இரண்டு ஜோடி காலணிகளை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. எல்லாராலும் வாங்க முடியாது என்பது தெரியும். ஒரே ஜோடிதான் என்றால், இரவில் உள்தட்டை வெளியே எடுத்து மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். காலுறையைத் தினமும் மாற்றுங்கள். கால் துடைக்கும் துண்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கூட்டாளி கொடுத்த அரிப்புக் களிம்பைப் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். விரலிடுக்கில் தோல் வெடித்தாலும் வலிக்காது. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து சீழ் பிடித்தால், விரலையோ காலையோ இழக்கவும் நேரலாம். நீங்களாக மருந்து வாங்கிப் பார்க்காமல் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். கால் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, யாராக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தாதியர் பின்வரிசை மேசையில் இருக்கிறார்கள். காலணியைக் கழற்றிக் காட்டக் கூச்சப்பட வேண்டாம்; அவர்கள் பார்க்காத கால் இல்லை.