தலையெழுத்தும் மூளைத் தானமும்

(சுயமரியாதைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



ஒருவனுக்குக் கை நடுங்கினாலும், புத்தி தடுமாறினாலும், "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நம் ஜனங்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். பிரமன் மண்டையோட்டில் எழுதினானாம். சுடுகாட்டில் எத்தனையோ மண்டையோடுகள் கிடந்திருக்கின்றனவே, அந்த எழுத்தை எவராவது படித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

படிக்க வேண்டியது மண்டையோட்டின்மேல் இல்லை. உள்ளேயிருக்கும் மூளையில் இருக்கிறது. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயால் மாண்டவர்களின் மூளையை, அந்நோய் இல்லாதவர்களின் மூளையோடு வியன்னா நகரத்து ஏரிங்கர், ஹார்னிகீவிச் என்னும் இருவர் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். நோயாளிகளின் மூளையில் டோபமின் என்னும் பொருள் மிகவும் குறைந்திருந்ததை 1960-ல் வெளியிட்டார்கள். 1961-ல் லெவோடோபா மருந்து கொடுத்த விவரம் வெளிவந்தது. அசைய முடியாமற் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இது எந்தச் சாமி செய்த அற்புதம்? செத்தவர் மூளை உயிரோடிருப்பவரை நடக்க வைத்தது, அவ்வளவுதான்.

நிற்க, இவ்வேலைக்கான மூளை வங்கி நமக்கு அடுத்த பெங்களூரிலேயே, நிம்ஹான்ஸ் நிலையத்தில் 1995-ல் ஏற்பட்டிருக்கிறது. குடும்பத்தார் சம்மதித்தால் மூளையை எடுத்து, ஒரு பகுதியைக் கடுங்குளிரில் உறைய வைத்தும், ஒரு பகுதியைப் பார்மலினில் இட்டும் காப்பாற்றுகிறார்கள். நோயாளி மூளை மாத்திரமல்ல, ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர் மூளையும் வேண்டும். தலையைத் தைத்துவிடுவதால் முகமும் கெடுவதில்லை.

ஆனால் வைதிகர்கள், "அங்கம் குறைந்தால் மறுபிறப்பில் ஊனம் வரும்" என்பார்கள். அப்படியானால் முழு உடலையும் நெருப்பில் போடுகிறவனுக்கு மறுபிறப்பில் என்ன மிஞ்சும்? சந்நியாசியைச் சமாதி வைக்கும்போது மண்டையைத் தேங்காயால் உடைப்பது மோட்சமாம்; வைத்தியத்துக்காகத் திறப்பது மாத்திரம் பாவமாம்! இப்பித்தலாட்டத்தை இன்னும் எத்தனை நாளைக்கு நம்புவது?

தோழர்களே! செத்த பின் மூளை சீக்கிரம் கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் காரியம் நடந்தாக வேண்டும். பிணத்தைச் சுற்றிப் பந்துக்களும் புரோகிதனும் கூடிய பிறகு யோசிக்க நேரமிராது. நீங்கள் எவ்வளவு விரும்பியிருந்தாலும் அன்று முடிவு சொல்லப்போகிறவர்கள் உங்கள் மனைவி மக்களே. ஆதலால் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் தாராளமாய்ப் பேசி, வங்கிக்குத் தெரிவித்து, யார் யாருக்குச் சேதி சொல்வது என்பதையும் ஏற்பாடு செய்துவையுங்கள். அதுதான் உங்கள் தலையெழுத்தை நீங்களே எழுதுவதாகும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.