முகவரி எழுதித் தருபவர் யார்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

'நன்றாகப் படியுங்கள்' என்று உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆகவே நான் உங்கள் வீட்டுக் கைத்தொலைபேசியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் தோட்டத்திலே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால், எழுதத் தெரிந்த ஒருவரிடம் போய் முகவரி எழுதி வாங்குவார்கள். உறையை ஒட்டிய பிறகு உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் இவர் யாருக்குக் கடிதம் போடுகிறார், எத்தனை முறை போடுகிறார் என்பது முகவரி எழுதியவருக்குத் தெரியும். அவர் நல்லவர் என்றால் விஷயம் அவரோடு நிற்கும். வாய் நீளமானவர் என்றால் மறுநாள் பெரட்டுக்குள்ளே லயம் முழுக்கப் பரவிவிடும்!

இணையத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு தளத்துக்கும் எண்ணால் ஆன முகவரி உண்டு. நாம் பெயரைத்தான் தட்டுகிறோம். அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் சேவைக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதை வகுத்தார். நாம் ஒன்றும் செய்யாவிட்டால், லைன் கொடுக்கும் நிறுவனமே இந்த வேலையையும் பார்க்கும். 'இந்தத் தளம் எங்கே இருக்கு?' என்று நம் தொலைபேசி கேட்கும் கேள்வி, பெரும்பாலும் மூடாத அஞ்சலட்டைபோல வெளிப்படையாகவே போகிறது.

நள்ளிரவில் ஒருவர் புற்றுநோய் மருத்துவமனையின் பெயரைக் கேட்கிறார். இன்னொருவர் கடன் கொடுக்கும் இடத்தைக் கேட்கிறார். ஒரு மகள் வேறு ஊரில் வேலை தேடுகிறாள். கேட்ட பெயர்களை வரிசையாக வைத்தாலே ஒரு குடும்பத்தின் கஷ்ட நஷ்டம் தெரிந்துவிடும்.

'நான் ஒன்னும் தப்புத்தண்டா பண்ணலையே, தெரிஞ்சா என்ன?' என்று சிலர் கேட்கலாம். சம்பளச் சீட்டிலேயும் தப்பு ஒன்றும் இல்லை ஐயா. அதற்காக அதைக் கடைச் சுவரில் ஒட்டுவோமா?

இது நம் நாட்டிலேயே பெரிய விவாதமாயிற்று. எம்.சி.எம்.சி. ஆணையம் 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்களைத் தடுத்ததாக அறிவித்தது. அவற்றில் சூதாட்டத் தளங்களே மிக அதிகம். சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்த வீடுகளின் கண்ணீரை நாம் அறிவோம். ஆகவே தடுப்பதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2024 செப்டம்பரில், கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற வெளிச் சேவைகளைக் கேட்டாலும், கேள்வியை உள்ளூர் நிறுவனங்களின் சேவைக்கே திருப்பிவிடும் ஏற்பாடு தொடங்கியது. ஒருவரிடம் கேட்டால் இன்னொருவர் பதில் சொல்வதா என்று மக்கள் குரல் எழுப்பினார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னதாக அறிவித்தார்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. கேள்வி மூடிய உறையில் போக வேண்டும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்கு வசதி இருக்கிறது. அமைப்புப் பகுதியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று தேடிப் பாருங்கள். அங்கே எண்ணை எழுதினால் ஏற்காது. சேவையின் பெயரை எழுத வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? குவாட்9 என்பது லாப நோக்கமில்லாத அமைப்பு. 2021-இல் சுவிட்சர்லாந்துக்கு இடம் மாறியது. கேட்டவரின் முகவரியைச் சேமிப்பதில்லை என்பது அதன் கொள்கை. மோசடித் தளம் என்று தெரிந்தவற்றுக்கு வழி சொல்லவும் மறுத்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, கிளவுட்ஃபிளேரின் குடும்பச் சேவை ஆபாசத் தளங்களையும் தடுக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இது மந்திரத் தாயத்து அல்ல. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை லைன் கொடுப்பவர் வேறு வழியில் இன்னும் ஓரளவு அறியலாம். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது ரகசிய எண்ணைக் கேட்டு, நீங்களே வாய்விட்டுச் சொன்னால் எந்தச் சேவையும் காப்பாற்றாது. வெளிச் சேவைக்கு மாறினாலும் முகவரி எழுதித் தருபவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார், ஆளைத்தான் மாற்றுகிறோம். அதனால், கேட்டதை எவ்வளவு நாள் வைத்திருப்பார், யாருக்குக் கொடுப்பார், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் விசாரித்துத் தேர்ந்தெடுங்கள்.

மாணவச் செல்வங்களே! அந்தக் காலத்தில் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்த வீட்டில் முகவரிக்காக வெளியாளிடம் போக வேண்டியதில்லை. இன்று அந்தப் பொறுப்பு உங்களுடையது. இந்த விடுமுறையில் அப்பா அம்மாவுக்குப் புரியும்படி சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு மாற்றிக் கொடுங்கள். படித்த படிப்பு முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும்.