முகம் தெரிகிற படம்



கரிசல் காட்டில் கேமரா பிடிப்பவனை முதலில் ஏமாற்றுவது கேமராதான். இன்றைய கேமராக்களுக்குள் வெளிச்சத்தை அளக்கிற ஓர் ஏற்பாடு உண்டு. எதிரே இருப்பது எதுவானாலும், விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பித் தருகிற ஒரு நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடும். உழுது போட்ட கரிசலை அதன் முன்னால் வைத்தால், இத்தனை கறுப்பு இருக்காது என்று அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். படத்தில் நம் மண் சிமெண்ட் தரை மாதிரி வெளிறிப்போய் வரும். பக்கத்தில் நிற்கிற சம்சாரியின் தலைத்துண்டில் நூலிழைகூடத் தெரியாது, வெறும் வெள்ளைத் திட்டு.

எனக்கு இது புரிய இரண்டு வெள்ளாமை ஆயிற்று. கேமரா சொல்வதைவிட வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்தால்தான் கரிசல் கரிசலாக வரும். கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் சொல்கிறேன். திரையில் மண் இருக்கிற இடத்தைத் தொடுங்கள். பல கைப்பேசிகளில் பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன் தோன்றும். அதைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். உங்கள் ஊர் மண்ணின் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். கறுத்த முகங்களுக்கும் இதே கணக்குத்தான். வெயிலில் நின்று பாடுபட்ட முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுகிற படம், அந்த மனிதர் யாரென்பதையே பாதி அழித்துவிடுகிறது.

இந்தத் தொழில் நுணுக்கத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கேமரா செய்கிற இந்தத் தவறையே, சில வருடங்கள் நான் தெரிந்தே செய்துகொண்டிருந்தேன்.

பிழைப்புக்குக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு. மற்ற நாட்களில் காடு. காட்டில் எடுப்பதை இன்ஸ்டாகிராமில் போடுவேன். போடப்போட, எது நிறையப் பேருக்குப் பிடிக்கிறது என்று விரல் தானாகக் கற்றுக்கொண்டது. சாயங்கால வெயிலை இன்னும் கொஞ்சம் ஆரஞ்சாக்கினால் பிடிக்கிறது. காற்றாலை இறக்கைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் பிடிக்கிறது. கழுகுமலை வெட்டுவான் கோயிலை மேலிருந்து எடுத்தால் எப்போதும் பிடிக்கிறது. அதைவிட, வெடித்துக் கிடக்கிற மண் பிடிக்கிறது. பாளம் பாளமாக வெடித்த கரிசலை எடுத்து, கீழே வறட்சி என்று ஒரு சொல் போட்டால் போதும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கண்ணீர்ப் பொம்மை போடுவார்கள்.

அந்தப் படங்களுக்காக இன்றைக்கும் நான் வருத்தப்படுகிறேன். கரிசல் வெடிப்பது நோய் இல்லை. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களிமண் அது. கோடையில் ஆள் கை போகிற அளவுக்கு வெடிக்கும். மேல்மண் பொடிந்து அந்த வெடிப்புக்குள் விழும், அடுத்த மழையில் மண் உப்பி மூடிக்கொள்ளும். தன்னைத்தானே உழுதுகொள்கிற மண் என்று விவசாயம் படித்தவர்கள் சொல்வதைக் கரிசல் சம்சாரி படிக்காமலே அறிவார். நல்ல வருடத்திலும் சித்திரையில் இந்த மண் வெடிக்கத்தான் செய்யும். நான் அதைச் சாவுக்களையாகக் காட்டி லைக் வாங்கினேன்.

இன்னொன்று, படத்தின் வடிவம். 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்தபோது சதுரப் படம் மட்டுமே போட முடியும். 2015-ல்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. 2020-ல் ரீல்ஸ் வந்த பிறகு எல்லாமே நெட்டுக்குத்தாக ஆகிவிட்டது. கரிசலோ கிடந்த கோலம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் நின்று பாருங்கள். ஒரு கோடு, அதற்குக் கீழே மண், மேலே வானம், நடுவில் எங்கோ ஒற்றைப் பனை. அந்தக் கிடப்பை நின்ற கோலத்துக்குள் அடைக்க, நான் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே இருந்தேன். வெட்டுப்பட்டது பெரும்பாலும் வேலை செய்கிற ஆட்கள்.

இப்படியிருக்கையில் ஒரு படம் ஓடு ஓடென்று ஓடியது. எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். மாசி மாதம், பருத்தி எடுப்பு. முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு ஒரு மூதாட்டி நிரை பிடித்துப் போகிறார். முதுகுப் பக்கமிருந்து எடுத்தேன். எதிர்வெயில். அவரைச் சுற்றிப் பஞ்சு பறக்கிறது, ஒவ்வோர் இழையும் மின்னுகிறது, அவர் வெறும் நிழல். ஆயிரக்கணக்கில் லைக். வெளிநாட்டுக்காரர்கள்கூடப் பகிர்ந்தார்கள். ஊர்ப் பெயரை எங்கும் நான் போடவில்லை, கேட்டவரும் இல்லை.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக அதே ஊருக்குப் போனேன். ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எங்க அப்பத்தாவப் படம் எடுத்தீங்கள்லா. போன மாசம் தவறிருச்சு. மொகம் தெரியுற மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுங்களேன். ஃபிரேம் போட்டு மாட்டணும்."

காரியத்துக்கு ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடித்திருந்தார்கள். அதில் இருப்பது அப்பத்தா மாதிரியே இல்லை என்று அவன் அம்மாவுக்குத் தாங்கவில்லையாம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். அன்றைக்கு அந்த அம்மாவை மட்டும் 46 படம் எடுத்திருக்கிறேன். முதுகு, கை, மடி, காய்த்த விரலுக்குள் பருத்திச் சுளை. முகம் இல்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது. தூக்குவாளியில் தண்ணீர் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தபடி திரும்புகிறார். லேசாகக் குலுங்கிய படம். அழிக்க மறந்ததால் தப்பியது. அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மருமகள் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தார்.

அதை மாட்ட ஆணி அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு படம் தொங்கியது. கண்ணாடி போட்ட பழைய காலண்டர். தேதித்தாள் என்றைக்கோ போய்விட்டது. கீழே ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் பாதி அழிந்து கிடந்தது. மேலே மீனாட்சி கல்யாணம். மூலையில் கொண்டையராஜுவின் கையெழுத்து.

இந்தப் பெயரைத் தெரியாத இளைஞர்கள் கோவில்பட்டியிலேயே இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சி. கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதப் போனார். அரண்மனையும் காடும் தெருவுமாக அவர் கை சீலைகளில் ஓடியது. சினிமா வந்து நாடகம் நொடித்தது. 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்த குழு அதோடு கலைந்துபோக, அவர் இங்கேயே தங்கிவிட்டார். சீடர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்தார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ. கல்யாணம் செய்துகொள்ளாதவர், துறவி போல வாழ்ந்தவர். 1976-ல் மறையும்வரை அவருடைய உலகம் இந்த ஊர்தான்.

காலண்டர் ஓவியர் என்றே அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு போட்டோ ஸ்டூடியோவை நடத்தியவர் என்பதை வைத்துத்தான் நான் அவரைப் படிக்கிறேன். அந்தக் காலத்து ஸ்டூடியோ வேலையை நினைத்துப் பாருங்கள். வந்தவரை எழுதிய சீலைக்கு முன்னால் உட்காரவைத்து, நாடியை நிமிர்த்தி, கண்ணை லென்ஸைப் பார்க்கச் சொல்லி எடுக்க வேண்டும். நெகட்டிவில் பென்சில் பிடித்து முகத்தைத் திருத்த வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். நாளெல்லாம் முகம், முகம், முகம். கொண்டையராஜுவின் அம்மன்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்களே, முருகனின் கன்னத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சதைப்பற்று இருக்கிறதே, அதற்கு ஓவியப் பள்ளி பாதி காரணம் என்றால் ஸ்டூடியோ மறுபாதி என்பது என் தீர்மானம்.

அவர் திசை மாறிக்கொண்டே இருந்தவர். எத்தனை முறை! பள்ளிக்கூடம், ஆசிரமம், நாடகக் கொட்டகை, ஸ்டூடியோ, காலண்டர். ஒவ்வொரு முறையும் பழைய இடத்தில் கற்ற ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டே புது இடத்துக்குப் போனார். மாறாமல் இருந்தது, படம் யார் வீட்டுக்குப் போகிறது என்கிற நினைவு. பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். அவருடைய படங்கள் லட்சக்கணக்கில் அச்சாகிப் பலசரக்குக் கடைகள் மூலமும் ஜவுளிக்கடைகள் மூலமும் தென்னாடு முழுக்கப் போயின. தேதி முடிந்த பிறகும் ஜனங்கள் கிழித்தெறியாமல் சட்டம் போட்டு மாட்டினார்கள். இந்த மரபை ஆராய்ந்து எழுதிய கனடா நாட்டு அறிஞர் ஸ்டீபன் இங்கிலிஸ் தம் கட்டுரைக்குச் சட்டமிட உகந்தது என்கிற பொருளில்தான் தலைப்பு வைத்தார். சீடர் டி. எஸ். சுப்பையாவின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துப் படத்தில் இட்டவர் கொண்டையராஜு. மு. ராமலிங்கம் முதலான மற்றச் சீடர்களும் பெயரோடு வளர்ந்தார்கள்.

அந்த அப்பத்தா வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. என் படத்தைப் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூட அதை மாட்டப் போவதில்லை. மாட்டக்கூடிய ஒரே வீடு இது. இந்த வீட்டுக்கு அது உதவவில்லை.

பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க என் பக்கத்தைச் சுத்தம் செய்தேன். அது ஒரு ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படம் வைப்பவர், உள்ளூர்க்காரர் ஒவ்வொருவரும் அதைக் கடந்து போவார் என்று தெரிந்தே வைப்பார். அந்த முகத்துக்குரியவரும் நாளைக்கு அந்த வழியாக வருவார். அந்தப் பயமும் மரியாதையும் இருந்தால் எது நிற்கும், எது போகும்? வறட்சி என்று போட்ட வெடிப்புப் படங்கள் அத்தனையும் போயின. ஆரஞ்சு வானங்கள் போயின. மிஞ்சியவற்றுக்கு ஊர்ப் பெயர், பயிர், மாதம் எழுதினேன், தமிழில். ஆளின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் சேர்த்தேன். புதிதாக எடுக்கும் படம் முதலில் பிரிண்ட்டாகி அவர் கைக்குப் போகும். பிறகுதான் இணையத்துக்கு, அதுவும் அவர் சரி என்றால்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. பார்ப்பவர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. என் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் இப்போது கூப்பிடுவது அபூர்வம். தொழில் செய்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இந்தப் பாதையில் வர நினைக்கிற தம்பிகள் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே வர வேண்டும்.

இதில் நான் தனியாளும் இல்லை. மதுரைக்காரர் எம். பழனிகுமார் 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழிகளில் மாண்டவர்களின் குடும்பங்களை, மீனவப் பெண்களை, உப்பளத் தொழிலாளர்களை அவர் எடுக்கிற படங்களில் ஆட்கள் பெயரோடும் ஊரோடும் இருக்கிறார்கள். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்பிக்கவும் செய்கிறார். நம் இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புகைப்படக்காரர் புதுவை இளவேனில் ஆண்டுக்கணக்காக எடுத்தார். ஒரே மனிதர், ஒரே நரைத்த தலை, எத்தனை முகம்! கி.ரா. என்றதும் நம் மனசில் எழுவது அந்தப் படங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். அவசரமில்லாமல் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு மட்டும் கிடைக்கிற படங்கள் அவை.

இப்போது நான் ஊர் ஊராகப் போய் முகங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டு வாசல், திண்ணை, மர நிழல், முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. கண் என்னைப் பார்க்கும். கரிசலில் ஒன்றரை ஸ்டாப் குறைப்பதைப் போலவே முகத்திலும் குறைக்கிறேன். பவுடர் போட்டுக்கொண்டு வருகிறவர்களைத் தடுப்பதில்லை, அது அவர்கள் ஆசை. அவர்கள் படம் எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு அனுப்ப, பேரன் கல்யாணப் பத்திரிகையில் போட, சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள், தங்களுக்குப் பிறகு மாட்ட.

போகிற வீடுகளில் பழைய ஸ்டூடியோப் படங்களையும் பார்க்கிறேன். கறையான் அரித்து, கண்ணாடியோடு ஒட்டிப்போய், யாரென்றே தெரியாமல். தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி, மின்னாக்கிப் பாதுகாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சோயி ஹெட்லி குழுவினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் அவர்களால் வர முடியாது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய படம் இருந்தால் கண்ணாடியிலிருந்து பிய்த்தெடுக்காதீர்கள், பிம்பம் அதோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே, பளபளப்பு விழாத நிழலில், நேர் எதிரே நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிற படமென்றால் பின்பக்கம் திருப்பி, பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருடம், எந்த ஸ்டூடியோ. பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் இன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.