இருவர்க்கு ஒரு முன்கதை



சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் தன் நண்பன் ஒருவனுடன் நரிக்குடிக்கு வந்திருந்தான். இருவரும் கல்லூரி மாணவர். ஒருநாள் மாலை திண்ணையில் அமர்ந்து ஏதோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தனர். என்னவென்று வினவினேன். "தாத்தா, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு முன்கதை வேண்டும். சரியாக அமையவில்லை" என்றான் பேரன்.

செய்தி இதுதான். நண்பர்கள் நால்வர் ஐவர் கூடி ஆடும் கதை விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன சொல்லும், என்ன செய்யும் என்பதைத் தாமே கூறுவர். எடுத்த செயல் வெல்லுமா, தோற்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டால் இம்முறை உலகெங்கும் பரவிற்று. இவ்விளைஞர் ஆட இருந்த கதையோ நார்வே, ஐஸ்லாந்து முதலிய வடபுல நாடுகளின் பழங்கதைகளைத் தழுவியது. ஓடின், தோர் என்னும் தெய்வங்களும், கடலோடி மறவரும், பனிமலை அரக்கரும் உலவும் உலகம் அது.

அவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒருவனுடைய ஊர் தீக்கிரையாயிற்று. மற்றவனுடைய தந்தையைப் பகைவர் கொன்றனர். பின்பு இருவரும் ஒரு விடுதியில் சந்தித்து நண்பராயினர். இவ்வளவே.

"இவை இருவருடைய தனித்தனித் துயரங்கள். இருவருக்கும் பொதுவான முன்கதை இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். இருவரும் விழித்தனர். நாற்பது ஆண்டுக் காலம் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திய பழக்கம் எளிதில் விடுமா? மறுநாள் காலை இருவரையும் எங்கள் ஊரில் மருது சகோதரர் பெயரால் விளங்கும் பழைய சத்திரத்திற்கு அழைத்துச் சென்றேன். நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளமே பெரிய மருதுவும் சின்ன மருதுவும் பிறந்த ஊர் என்பதை நேயர் பலர் அறிவர். அச்சத்திரத்தில் அமர்ந்து, சின்ன மருதுவையும் ஓர் ஆங்கிலேயரையும் பற்றிய உண்மை வரலாறு ஒன்றை அவர்களுக்குக் கூறினேன்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் இளைஞராக மதுரையில் இருந்தபோது சின்ன மருதுவின் நட்பைப் பெற்றார். சின்ன மருது அவருக்கு நல்ல அரிசியும் பழமும் அனுப்பி வைப்பார். ஈட்டி எறியவும், வளரி வீசவும் அவருக்கு முதன்முதல் கற்பித்தவரும் அவரே. 1801ஆம் ஆண்டில் போர் மூண்டது. வேட்டைக்குச் செல்வது போலத் தம் ஆசானைத் துரத்திச் செல்லும் படையில் வெல்ஷ் இருக்க நேர்ந்தது. தொடை முறிந்து சிறைப்பட்ட நிலையில் சின்ன மருதுவை அவர் கண்டார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். 1830இல் லண்டனில் வெளியான தம் நினைவு நூலில் வெல்ஷ் இவற்றையெல்லாம் எழுதி வைத்தார்.

"அந்த வளரிப் பயிற்சி நிகழாதிருந்தால், அப்போர் வெல்ஷுக்கு நூறு போர்களில் ஒன்றாகவே இருந்திருக்கும். ஒருவன் கற்பித்தான், மற்றவன் கற்றான். அந்த ஒரு செயலே இருவரையும் இறுதிவரை பிணைத்துவிட்டது. உங்கள் மறவர் இருவரும் சேர்ந்து செய்த செயல் எது?" என்று வினவினேன்.

வடபுலத்தார் கதைகளிலும் இவ்வுண்மை உண்டு. ஐஸ்லாந்தில் ‘சாகா’ என வழங்கும் பழைய உரைநடைக் கதைகளுள் கிஸ்லி என்பானுடைய கதை ஒன்று. அதில் நால்வர் உடன்பிறவாச் சகோதரராக உறுதிபூண முற்படுகின்றனர். புல்தரையை நீளமாக அறுத்து, அதனை வளைவாக ஈட்டியால் உயர்த்தி, அதன்கீழ் நின்று குருதியை மண்ணில் கலக்கின்றனர். கைகோக்கும் வேளையில் ஒருவன், ‘இவனுக்கு நான் கடமைப்படேன்’ என்று நால்வருள் ஒருவனிடமிருந்து கையை விலக்கிக் கொள்கிறான். உடனே கிஸ்லியும் அவனிடமிருந்து தன் கையை விலக்குகிறான். பின்னர் நிகழும் கொலைக்கும் பழிக்கும் அந்த விலகிய கைகளே முன்னறிகுறி. ஏற்ற உறவேயன்றி மறுத்த உறவும் முன்கதையாகும் என்பது இதனால் விளங்கும்.

இவ்விரண்டையும் கேட்ட பின்னர், மூன்று விதிகளை அவர்கள் தாளில் எழுதச் செய்தேன். முதலாவது, இருவரும் ஒருங்கே ஈடுபட்ட நிகழ்ச்சி ஒன்று வேண்டும். இரண்டாவது, அதனால் ஒருவருக்கு மற்றவர் பட்ட கடன் ஒன்று தீராமல் நிற்க வேண்டும். மூன்றாவது, ஒருவனுடைய பாத்திரம் செய்ததை மற்றவன் தானே எழுதிவிடலாகாது. அவனைக் கேட்டே எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டு வேண்டும் என்றனர். என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னேன். எங்களூர் வானம் பார்த்த பூமி. கண்மாய் வற்றிய ஒரு கோடையில் எங்கள் தோட்டக் கிணற்றில் தூர் வாரினோம். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. என்னைக் கயிற்றில் கட்டி என் அண்ணன் உள்ளே இறக்கினார். பாதி ஆழத்தில் கயிறு தளர்ந்தது. நான் சேற்றில் விழுந்து கால் முறிந்தேன். அண்ணன் அஞ்சிக் கயிற்றை விட்டுவிட்டார் என்பதே என் எண்ணம். அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆயினும் பின்னாளில் நிலப் பங்கீட்டில் மனத்தாங்கல் வந்தபோது, அந்தக் கயிறுதான் என் நினைவில் முன்னின்றது. இருவரும் பேசிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

பேரனின் நண்பன் மெல்லக் கேட்டான்: "தாத்தா, மூன்றாவது விதிப்படி, இதைப் பற்றி உங்கள் அண்ணன் என்ன சொல்கிறார்?"

என்னிடம் விடை இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அவரைக் கேட்டதே இல்லை. அவர் பங்கையும் நானே எழுதி வைத்திருந்தேன்.

மறுநாள் அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். சிறிது நேரம் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினோம். பிறகு கிணற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் தம் வலக்கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையின் குறுக்கே ஒரு தழும்பு. அதை நான் அறிவேன். ஏர் பிடித்ததால் வந்தது என்று எண்ணியிருந்தேன்.

"ஈரக் கயிறு நழுவியது தம்பி. தோல் உரியும்வரை பிடித்துப் பார்த்தேன். விட்டிருந்தால் இந்தத் தழும்பு ஏது?" என்றார். சற்றுப் பொறுத்து, "இதை நீ அன்றைக்கே கேட்டிருக்கலாமே" என்றார்.

திரும்பி வந்தபோது இளைஞர் தம் முன்கதையை முடித்திருந்தனர். பனிக்கடலில் கவிழ்ந்த படகு, ஒரு கயிறு, அதன் இரு முனைகளில் இருவர். ஒருவன் கயிற்றை விட்டான் என்று மற்றவன் நம்புகிறான். உண்மை என்ன என்பதை அவர்கள் எழுதவில்லை. ஆட்டத்தின் போக்கில் ஒருவன் கேட்டால் மற்றவன் சொல்வானாம்.

"கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.