காற்றுக்கும் மழைக்கும் ஒரு கணக்கு



புறநானூற்றில் முப்பதாவது பாட்டு, சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. சூரியனின் ஓட்டம், காற்றின் போக்கு, வெறுவெளியாய் நிற்கும் ஆகாயம் ஆகியவற்றுக்கு, அங்கே போய்வந்தவர்கள் மாதிரிக் கணக்குச் சொல்லும் ஆட்கள் அக்காலத்திலும் இருந்தார்கள் என்பதை அந்தப் பாட்டிலிருந்து அறிகிறோம். அவர்களுக்கும் எட்டாதவன் அரசன் என்பது புலவரின் புகழ்மொழி. அரசனை விட்டுவிடுவோம். அந்தக் கணக்கர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

புங்குடுதீவின் மடத்துவெளியில் பிறந்தவர்களுக்குக் காற்றைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோளகம். மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல். எந்தக் காற்றுக்கு எந்த வலை, எந்த நாளில் தோணியைக் கரையில் இழுத்து வைப்பது என்பதெல்லாம் இந்தப் பெயர்களுக்குள்ளே அடங்கியிருக்கின்றன. ஆனால் பெயர் வேறு, அளவு வேறு. ‘நல்ல காற்று’ என்று ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புயலாக இருக்கலாம். கருவி இந்த வழக்கைத் தீர்த்து வைக்கிறது.

நிலத்திலுள்ள கருவிகள் எளியவை. வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது வெயிலைத்தான் அளக்கும், காற்றின் வெப்பத்தை அளக்காது. ஆகவே பக்கங்களில் சாய்பலகை அடித்த வெள்ளை மரக்கூட்டுக்குள் அதை வைக்கிறார்கள். அந்தக் கூட்டை அமைத்தவர் தோமஸ் ஸ்டீவன்சன் என்ற வெளிச்சவீட்டுப் பொறியியலாளர். ‘புதையல் தீவு’ எழுதிய ரொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தகப்பனார் அவர். காற்றின் வேகத்தை அளக்கச் சுழலும் கிண்ணங்கள் உண்டு. மரமும் மதிலும் மறைக்காதபடி பத்து மீற்றர் உயரத்தில் அவை நிற்கும். காற்றின் அழுத்தத்துக்குப் பாரமானி.

மழைமானி எல்லாவற்றிலும் பழையது. களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்க வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே சொல்கிறது. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். நம்மவர் கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆக, 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்புக் காணியில் ஏறக்குறைய 6,300 லீற்றர் விழுகிறது. ஆறில்லாத தீவுக்கு அதுதான் ஆறு. நம் கிணறுகளின் நன்னீர், மழை இறங்கி உப்புநீரின்மேல் தங்கி நிற்பதால் வருவது. மழை குறைந்து இறைப்பு மிகுந்தால் உவர் மேலே ஏறும்.

இனி, மேலே போய்வருகிற கணக்கர். ஐதரசனோ ஈலியமோ நிரப்பிய பலூனில் சிறு பெட்டி ஒன்றைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். ஏறும்போதே வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை அது வானொலி அலையில் சொல்லிக்கொண்டு போகும். முப்பது கிலோமீற்றர் அளவில் பலூன் வெடித்துவிடும். பிரான்சில் ரொபேட் பியூரோ 1929இலும், ரஷ்யாவில் மொல்ச்சனோவ் 1930இலும் இதைச் செய்து காட்டினார்கள். நீங்கள் இப்பொழுது கேட்கும் பேச்சும் அந்தப் பெட்டியின் பேச்சும் ஒரே வித்தையில் பிறந்தவை. 1943இல் அமெரிக்க விமானி ஜோசப் டக்வேர்த் சூறாவளிக்குள்ளேயே விமானத்தை ஓட்டிப்போய் மீண்டார். அதன்பின் அங்கே அது ஒரு தொழிலாகவே ஆனது.

தொலைவிலிருந்து பார்ப்பவை இரண்டு. ஒன்று ராடர். அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. காரைக்காலில் இருக்கும் இந்திய ராடர் நமக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர் தூரம். நம் தீவுகளின் மேகம் அதன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பூமி வளைந்தது. அலையும் சற்று மேல்நோக்கியே செல்கிறது. இங்கு வந்து சேரும்போது அது இரண்டு கிலோமீற்றருக்கு மேலே போய்விடும். அதற்குக் கீழே நடப்பதை அது காணாது. மற்றது செய்மதி. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்று மேகத்தின் உச்சியைப் படம் பிடிக்கிறது. வங்கக் கடலில் சுழலும் புயலின் கண்ணைக் காட்டும். குறிகட்டுவான் துறையில் இந்த நிமிடம் எத்தனை வேகத்தில் காற்றடிக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

இது வெறும் நுணுக்க வாதம் அல்ல. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்த சூறாவளி, 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டது. அந்தக் காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் என்று எழுதுகிறார்கள். அது கணிப்பு. அடித்த இடத்தில் நின்று அளந்த கருவியின் வாக்கு அல்ல. இந்த நூற்றாண்டில் 2008இல் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 டிசம்பரில் புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. இப்போது செய்மதி முன்கூட்டியே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை சரியானதா என்று உரைத்துப் பார்க்கும் உரைகல் இன்றும் நிலத்திலுள்ள கருவிதான்.

கருவிக்கு ஓர் ஆளும் வேண்டும். காலை எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்து, மழை இல்லாவிட்டால் ‘இல்லை’ என்றாவது எழுதிவைக்க வேண்டும். ஓர் இடத்தின் காலநிலை இது என்று சொல்ல முப்பது வருடக் கணக்குக் கேட்கிறார்கள் அறிஞர்கள். வடக்கின் பதிவேடுகளிலோ போர்க்கால இடைவெளிகள் இருக்கின்றன. 1991இல் தீவகத்து மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். நம் ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமையைப் பாடிய நூலுக்குக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று பெயர் வைத்தார். ஆளில்லாத முற்றங்களிலும் மழை பெய்துதான் இருக்கும். அது எவ்வளவு என்று இனி எந்தச் செய்மதியாலும் திரும்பிப் போய் அளந்து வர முடியாது. அந்த வருடங்களில் நமக்குக் கிடைத்திருப்பது அளவு அல்ல, கவிதைதான்.

இனி வரும் வருடங்களையாவது தவறவிடாதிருக்கலாம். தீவகத்துப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றின் முற்றத்திலும் ஒரு மழைமானி, ஒரு கொப்பி, முறை வைத்து எழுதும் இரண்டு பிள்ளைகள். இதற்குப் பெரிய செலவு இல்லை. வேலணையில் பெய்து புங்குடுதீவில் பெய்யாத மழையையும் அந்தக் கொப்பிகள் சொல்லும். கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஊர் கூடிப் பேசும்போது, கையில் வைத்துப் பேச ஒரு கணக்கு இருக்கும்.