நாள்தோறும் உண்பார் இருக்கும் இடம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசுதல் மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, இன்று நாம் வயிற்றைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இதனைச் சிறு பொருள் என்று எவரும் எண்ண வேண்டா. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்து, அதில் மூலிகைகளின் பெயரைக் கூறாது, உண்ணும் முறையையே பெரிதும் கூறிச் சென்றார். ஆகலின், இவ்வுரையும் குறளின் நிழலில் நிற்பதே ஆகும்.

நம் சரோஜினி நகர் முன்னாளில் விநய் நகர் எனப் பெயர் பெற்றிருந்தது. நடுவணரசு ஊழியர்க்கென எழுந்த இக்குடியிருப்பில் நம்மவர் பலர் வந்து குடியேறினர். கிராண்ட் டிரங்க் வண்டியில் இறங்கி, ஒரு பெட்டியும் படுக்கையுமாக வந்து நிற்கும் இளைஞனுக்கு அந்நாளில் உணவைப் பற்றிய கவலை பெரிதாக இருந்ததில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். ஏதேனும் ஒரு வீட்டு மாமி இலை போட்டுவிடுவார். ஒரு வாரம் ஒரு வீடு, மறு வாரம் ஒரு வீடு என்று அவன் நாட்கள் கழிந்தன. வெளியில் உண்ணுதல் என்பது திங்களுக்கு ஒரு முறை கன்னாட்டுப் பிளேசுக்குச் சென்று தோசையும் காப்பியும் அருந்தி வரும் திருவிழாவாகவே இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2016 ஜூலையில் நடுவண் அமைச்சரவை, சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்டும் திட்டத்திற்கு இசைவளித்தது. பழைய வீடுகள் வரிசை வரிசையாக மறைந்தன. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் துவாரகைக்கும் மயூர் விகாருக்கும் நொய்டாவுக்கும் சிதறிச் சென்றன. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது. தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளோ அடுப்பே இல்லாத அறைகளில் தங்குகின்றனர். திருவிழாவாக இருந்த வெளியூண் இன்று அன்றாட வாழ்வாகிவிட்டது. நாம் உண்ணும் இடத்தைத் தேரும் முறை மட்டும் மாறவில்லை. இன்னும் திருவிழாவுக்குத் தேர்வது போலவே தேர்கின்றோம். இங்கேதான் தீங்கு தொடங்குகிறது.

நாம் அறிந்த ஓர் இளைஞரின் செய்தியைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தஞ்சைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மூன்று வேளையும் வெளியில் உண்டார். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்டது. எந்தக் கடையின் தண்ணீரால் வந்தது என்று எவராலும் கூற இயலவில்லை. அந்நோய்க் கிருமி உடலில் புகுந்த பின் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே நோய் வெளிப்படும் என்று மருத்துவர் சொன்னார். ஊரிலிருந்து தாயார் வந்து சேரும் வரை சங்கத்து வீடுகளிலிருந்து கஞ்சி சென்றது. தேறி எழுந்ததும் அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, இனி நான் எங்கே சாப்பிடுவது?" ஆண்டுக்கணக்காகத் தலைநகரில் வாழும் நம்மில் ஒருவராலும் அன்று உடனே விடை சொல்ல இயலவில்லை. நாம் நாணினோம். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

நாம் கண்ட விடை எளியது. எவ்விடத்தில் அதே மக்கள் நாள்தோறும் வந்து உண்கின்றனரோ, அவ்விடத்தையே நாடுக.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு முறை வந்து போகும் விருந்தினனுக்குச் சமைப்பவன் நாவை மட்டும் மகிழ்வித்தால் போதும். வெண்ணெயும் உப்பும் வண்ணமும் அவனுக்குத் துணை நிற்கும். நாளையும் அதே மனிதன் வருவான் என்று அறிந்து சமைப்பவன் அவன் வயிற்றையும் பணப்பையையும் எண்ணியே தீரவேண்டும். இன்று வயிறு கெட்டால் நாளை வரமாட்டான்; விலை மிகுந்தால் மாதக் கடைசியில் வரமாட்டான். மேலும், கூட்டம் மிகுந்த அன்றாட அடுக்களையில் உணவு தேங்குவதில்லை; சமைத்தது சூடாறுமுன் தீர்ந்துவிடுகிறது. நாள்தோறும் வருபவனே சம்பளமில்லாத ஆய்வாளன்.

இந்நெறிக்குத் தலைநகரிலேயே சான்றுகள் உண்டு. காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலன் அவர்களின் தலைமையில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். அவ்வாறு 1957-ஆம் ஆண்டில் டெல்லியில் இந்தியன் காப்பி ஹவுஸ் பிறந்தது. தொழிலாளரே உரிமையாளர் ஆகலின், அங்கே எழுத்தரும் மாணவரும் ஓய்வு பெற்றோரும் ஒரு காப்பியுடன் நெடுநேரம் அமர்ந்திருக்க முடிந்தது. கன்னாட்டுப் பிளேசின் அருகில் மோகன் சிங் பிளேசின் மேல்தளத்தில் உள்ள நிலையம் அம்மரபினதே. நம் பகுதி மெட்ரோ நிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான ஐ.என்.ஏ.-யில் மஞ்சள் தடத்திற்கு மாறினால், ராஜீவ் சவுக்கில் இறங்கி எளிதில் நடந்து செல்லலாம்.

அமைச்சக அலுவலகங்களின் கேன்டீன்களை நம்மில் பலர் நன்கறிவர். அவை இலாபத்திற்காக நடப்பன அல்ல. அங்கே பணிபுரிவோர் 1991 அக்டோபர் முதல் அரசு ஊழியராகவே கருதப்படுகின்றனர். மாநில இல்லங்களின் உணவுக்கூடங்களுள் அசோகா சாலை ஆந்திர பவன் புகழ் பெற்றது. பருப்பும் பொரியலும் குழம்பும் மோரும் கொண்ட முழு உணவுக்காக அலுவலர் பலர் அங்கே வரிசையில் நிற்பர். பங்களா சாகிப் குருத்துவாராவின் இலங்கர்ப் பந்தியிலோ சாதி மத வேறுபாடின்றி அனைவரும் தரையில் ஒன்றாய் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்கின்றனர். அங்கே காசில்லை, ஆனால் பாத்திரம் துலக்கவோ ரொட்டி இடவோ நம் கையை ஒரு நாழிகை கொடுத்து வருவது பண்பு.

தமிழகத்திலும் இதே நெறியைக் காண்கிறோம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிய எத்தனை தலைமுறை இளைஞரை அங்குள்ள மெஸ்கள் காத்தன! 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்டலி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சோறு 5 ரூபாய்க்கும், தயிர்ச்சோறு 3 ரூபாய்க்கும் வழங்கினர். 2025 டிசம்பரில் டெல்லி அரசும் 5 ரூபாய்க்கு உணவு தரும் அடல் கேன்டீன்களைத் தொடங்கியது. அன்றாட உணவு அன்றாட மனிதனின் உரிமை என்ற எண்ணம் வடக்கும் தெற்கும் ஒன்றே.

இனி, நம் வீட்டு வாசலுக்கே வருவோம். சரோஜினி நகர்ச் சந்தை துணிக்குப் பெயர் பெற்றது. நகரெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். வருவோர் பெரும்பாலும் வழிப்போக்கர். ஆகவே, சந்தையின் முகப்பில் கிடைக்கும் பண்டங்களும் வழிப்போக்கர்க்கே உரியவை. எண்ணெயில் மிதப்பவை, சாயம் ஏறியவை, பனிக்கட்டி இட்டவை. முன்னர்க் கூறிய அந்த இளைஞரே நமக்கு ஒரு வழி காட்டினார். "வாங்க வருபவர் எங்கே உண்கின்றனர் என்று பாராதீர்கள், விற்பவர் எங்கே உண்கின்றனர் என்று பாருங்கள்" என்றார். பகல் இரண்டு மணிக்குக் கடைக்காரர்களும் சுமை தூக்குவோரும் செல்லும் வழியே நாமும் சென்றோம். கல்லில் அப்போதே சுட்ட ரொட்டி, மஞ்சள் பருப்பு, ஒரு காய்கறி, வெங்காயம். விலையும் குறைவு, வயிறும் நிறைந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். நம் உணவே நல்லுணவு என்ற செருக்கு நம்மில் சிலருக்கு உண்டு. ஆவியில் வெந்த இட்டலி நல்லது என்பதில் ஐயமில்லை. எனினும், இட்டலி என்று புறப்பட்டு நெய் வடியும் மசாலா தோசையிலும் எண்ணெய் குடித்த வடையிலும் சென்று முடிவதே நம் வழக்கம். அதற்குத் தொலைவும் மிகுதி, விலையும் மிகுதி. பக்கத்திலேயே பஞ்சாபியர் ராஜ்மாவும் சோறும் உண்கின்றனர். அவர்களின் கடி என்னும் மோர்க்கறி நம் மோர்க்குழம்புக்கு உடன்பிறப்பு. குளிர்காலத்தில் தெருவோரம் தணலில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து தரும் சகர்கந்தி, நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கேயன்றி வேறன்று. அண்டை வீட்டாரின் அன்றாட உணவை அறிந்தவனுக்கு இந்நகரில் பட்டினியுமில்லை, பெருஞ்செலவுமில்லை. சோலே பட்டூராவை மட்டும் திருவிழாவுக்கு வைத்துக்கொள்க. அது எண்ணெயில் பொரித்தது.

எவ்விடத்திற்குச் சென்றாலும் சிலவற்றை நோக்குதல் வேண்டும். முதலாவது, சூடு. சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ்க் குளிர்ந்தோ இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் நுண்கிருமிகள் விரைந்து பெருகும். இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் கிடந்த உணவை ஒதுக்குக. டெல்லி வேனிலில் இன்னும் முன்னரே ஒதுக்குக. இரண்டாவது, தண்ணீர். சாம்பார் கொதித்தது, தேங்காய்ச் சட்டினி கொதியாதது. ஐயமுள்ள இடத்தில் சட்டினியையும் பனிக்கட்டியையும் நறுக்கி வைத்த பழத்தையும் விடுக. மூன்றாவது, எண்ணெய். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் கேடு தரும் கூறுகள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதனைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை முதல் உள்ள விதி. நம்மிடம் கருவி இல்லை, கண் உண்டு. வாணலியில் எண்ணெய் கறுத்து நுரைத்தால் திரும்பி வருக. நான்காவது, உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்க என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அஃது ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டியே. ஊறுகாயையும் அப்பளத்தையும் மறுத்தாலே பாதிக் கவலை தீரும். இரத்த அழுத்தமுள்ள பெரியோர் இதனை மறவாதிருக்க வேண்டும்.

ஐந்தாவது, விலைச்சீட்டு. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் அதில் இருத்தல் வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. சேவைக் கட்டணம் என ஒன்றைக் கட்டாயமாகச் சேர்த்தலாகாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் கூறியதை 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. சேர்த்திருப்பின், சினமின்றி நீக்கச் சொல்லுங்கள். ஆனால் பரிமாறிய பையனின் கையில் மனமுவந்து ஏதேனும் கொடுங்கள். அவனும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவனே.

நிறைவாக, சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் நாள்தோறும் உண்டு நலமாக இருக்கும் இடத்தை, விலையும் நேரமும் குறித்து அதில் எழுதட்டும். புதிதாக வரும் பிள்ளை முதலில் அதனைப் படிக்கட்டும்.

மற்றொன்று: பழைய வீடுகள் போயின, பழைய வழக்கம் போக வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் தனித்து வாழும் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ ஒவ்வொரு குடும்பமும் உணவுக்கு அழைக்கட்டும். விருந்து வேண்டா. வீட்டில் என்ன உண்டோ அதுவே போதும். ஒரு இரசமும் ஒரு பொரியலும் போதும். வாரத்தில் ஒரு முறை ஒருவர் முகத்தை நாம் பார்த்தால், அவர் கண் மஞ்சளித்திருப்பதும் உடல் மெலிந்திருப்பதும் நமக்குத் தெரிந்துவிடும். எந்த உணவு விடுதியும் அதனைக் கவனித்துச் சொல்லாது.

நாள்தோறும் உண்பார் இருக்கும் இடமே நல்ல இடம் என்றோம். அவ்விடங்களுள் தலையாயது நம் வீடுகளாகவே இருக்கட்டும்.